லேப்டாப்பா, சிஸ்டமா? ஒரு காலனி வீட்டின் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து அண்ணன் ஒருவர் போன் செய்தார். சென்னையில் சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார்.

“தம்பி, பையன் லேப்டாப் கேக்குறான். கேம் ஆடுற லேப்டாப்பாம், எழுபத்தஞ்சாயிரம் சொல்றாங்க. பத்தாயிரம் முன்பணம் கட்டினா மீதிய மாசம் மூவாயிரத்து நானூறுன்னு ரெண்டு வருஷம் டியூ போட்டுத் தரேன்றாங்க. முன்பணம் வீட்டுல இருக்கு. பொண்ணும் காலேஜுக்கு ஒண்ணு வேணும்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து அது ஒண்ணையே வாங்கிடலாமா?”

போனிலேயே கணக்குப் போட்டுச் சொன்னேன். 3,400 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு 81,600. முன்பணத்தோடு 91,600. அதாவது 75 ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு 16,600 ரூபாய் கூடுதல். அவருக்கு நாள் கூலி 900 ரூபாய். ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் வேலை இருக்காது. “ஒண்ணும் கையெழுத்துப் போடாதீங்கண்ணே, நான் நேர்ல வரேன்” என்றேன்.

கல்லூரி சேரும் பருவத்தில் இந்தக் கேள்வியோடு எனக்கு நிறையப் போன்கள் வருகின்றன. லேப்டாப் வாங்கலாமா, டெஸ்க்டாப் வாங்கலாமா? நம் பிள்ளைகள் டெஸ்க்டாப்பை ‘சிஸ்டம்’ என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கடைக்காரரிடம் கேட்டால் எது இருப்பில் இருக்கிறதோ அதைச் சொல்வார். யூடியூபில் பார்த்தால் எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு, எத்தனை எஃப்பிஎஸ் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மெஷின் எந்த வீட்டில், எந்த மூலையில் உட்காரப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நம் தெருவில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

அந்த வீடு அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. ஒரு கூடம், ஒரு சின்ன அறை, பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட சமையல்கட்டு. கூடத்தில் பிளக் பாயிண்ட் இரண்டுதான். ஒன்றில் டிவி, இன்னொன்றில் டேபிள் ஃபேனும் போன் சார்ஜரும் மாறி மாறி. மேசை என்று ஒன்று இல்லை. சுவரில் முழங்காலுக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியதே, அந்த மழையில் வந்த வெள்ளத்தின் கோடு. எந்த ஊரிலும் காலனி பள்ளத்தில்தான் இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அன்று இரவு அவர்கள் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் பாலித்தீன் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். லேப்டாப் என்றால் அந்தப் பையிலேயே போயிருக்கும். சிஸ்டம் என்றால் கேபினெட் தரையில் நின்று தண்ணீர் குடித்திருக்கும்.

இடம் இல்லாமல் படிப்பது நமக்குப் புதிதல்ல. அண்ணல் அம்பேத்கர் பள்ளி மாணவனாக இருந்தபோது மும்பை பரேலில் ஒற்றை அறையில் குடும்பமே வாழ்ந்தது. படுக்க இடம் போதாது. தந்தை ராம்ஜி சக்பால் மகனைச் சீக்கிரம் தூங்கவைத்துவிட்டு, இரவு 2 மணி வரை தான் விழித்திருப்பார். பிறகு மகனை எழுப்பிப் படிக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் நம் வீடுகளில் இந்த முறைதான் நடக்கிறது. ஒரு மெஷின், இரண்டு பிள்ளைகள், யாருக்கு எந்த நேரம்?

அன்று மகளும் ஊருக்கு வந்திருந்தாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவள். சிவில், இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். இதுவரை எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன். “லேப்ல ரெண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் சித்தப்பா. கூட இருக்குற பொண்ணு ஏற்கெனவே வீட்ல கத்துக்கிட்டு வந்திருக்கு, அதுதான் மவுஸ் புடிக்கும். நான் ரெக்கார்டு எழுதுவேன்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு முன் நான் படித்த கல்லூரியிலும் இதேதான். மற்றவர்களின் விரல்கள் கீபோர்டில் ஓடும். நான் பின்னால் நின்று பார்ப்பேன். ஒருநாள் லேப் ஆசிரியர், “உனக்கு எதுக்குப்பா இது, கெட்டுப்போனா யார் கட்டுறது?” என்றார். கம்ப்யூட்டரைத் தொட்டால் கெட்டுவிடும் என்ற பயம் எனக்குப் போக மூன்று வருடம் ஆனது.

ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கு லேப்டாப்தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வகுப்புக்கு, லேபுக்கு, வேலைத் தேர்வுக்கு, ஊருக்கு என்று அது கூடவே போகவேண்டும். எந்த லேப்டாப் என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும். கலை, வணிகவியல், கணினி அறிவியல் முதலாண்டு என்றால் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள சாதாரண மெஷின் போதும். பைத்தானும் சி மொழியும் எதில் வேண்டுமானாலும் ஓடும். சிவில், மெக்கானிக்கல் என்றால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆட்டோகேட் ஓடுவதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. ஆனால் மேல் வகுப்பில் ரெவிட் வந்தால் 16 ஜிபி ரேம் கேட்கும். அதனால் இப்போது 8 ஜிபி வாங்கினாலும் பின்னால் ரேம் போடுவதற்குக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள். சில மாடல்களில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், அதைக் கூட்டவே முடியாது. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை வேறு ஏறிக்கிடக்கிறது. இன்னொன்று, ஆட்டோகேட், ரெவிட் எல்லாம் மாணவர்களுக்கு இலவசம். கல்லூரி அடையாள அட்டையை வைத்து ஆட்டோடெஸ்க் இணையதளத்தில் பதிவு செய்தால் ஒரு வருடத்துக்குக் கிடைக்கும், படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். திருட்டுக் காப்பியைக் கடையில் 500 ரூபாய் கொடுத்து ஏற்றி, கூடவே வைரஸையும் வாங்கிவரவேண்டாம்.

காசு கொடுப்பதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்கவேண்டும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இடையில் நின்றுபோனது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று மறுபடி அறிவிப்பு வந்தது. உங்கள் கல்லூரி அதில் வருகிறதா, எந்த ஆண்டு மாணவர்களுக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

பழைய அரசு லேப்டாப் பரணில் கிடந்தால் அதையும் இறக்கிப் பாருங்கள். பேட்டரி செத்திருக்கும். ஆனால் சார்ஜரில் போட்டால் உயிர் வரும் மெஷின்கள் நிறைய இருக்கின்றன. பழைய ஹார்டுடிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்றினால் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் போதும். அந்த லேப்டாப்பை அடகு வைத்தார்கள், விற்றார்கள் என்று குறை சொன்னவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அந்த வீட்டில் அந்த மாதம் என்ன நடந்தது என்று கேட்டவர்கள் கம்மி.

பேச்சு முன்பணத்துக்கு வந்தது. “வீட்டுல இருக்குன்னீங்களே, அது எதுண்ணே?” என்றேன். அண்ணன் தரையைப் பார்த்தார். அண்ணிதான் சொன்னார். மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 15 மாதமாக அவள் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. பேங்கில் 15 ஆயிரம் இருக்கிறது. தம்பியின் கேமிங் லேப்டாப்புக்கு முன்பணம் அதுதான்.

அவள் எதுவும் பேசவில்லை. ஒரு லேப்டாப் இருவருக்கும் பொது என்றால், அது தம்பியோடு வீட்டில் இருக்குமா, அவளோடு ஹாஸ்டலில் இருக்குமா? எல்லோருக்கும் விடை தெரியும். அக்கா ரெக்கார்டு எழுதிக்கொண்டே இருப்பாள். அந்தப் பணம் எதற்காக அவள் பெயரில் வருகிறது என்பதை மட்டும் அண்ணனிடம் சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியை விட்டு நின்றுவிடக் கூடாது என்பதற்காக வருகிற பணம் அது. பையன் கல்லூரிக்குப் போனால் அவனுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய் உண்டு. அவன் கேட்பதை அப்போது அவன் பணத்தில் சேர்க்கலாம்.

இப்படிச் சொன்னதும் பையன் எழுந்து வெளியே போய்விட்டான். பிளஸ் டூ படிக்கிறான். பின்னால் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

“படிப்பக் கெடுக்கும்னுதான சொல்லப்போறீங்க?” என்றான்.

நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. கேம் விளையாடுகிற பையனுக்கு மவுஸ் பயம் கிடையாது. டிரைவர் என்றால் என்ன, ஃபைல் எங்கே இறங்கியது, மெஷின் ஏன் சூடாகிறது என்று எல்லாம் தானாகத் தெரிந்துகொள்கிறான். நான் மூன்று வருடம் தாண்டிய பயத்தை அவன் மூன்று வாரத்தில் தாண்டுகிறான். அதைப் போய் எப்படிக் குறை சொல்வது? எதற்காகக் கேட்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

அவன் வகுப்பில் ஐந்து பேர் ஒரு செட்டு. ராத்திரி 8 மணிக்கு மேல் சேர்ந்து விளையாடுவார்கள். நால்வரும் ஊர்த்தெருப் பிள்ளைகள், அவர்கள் சிஸ்டத்துக்கு மாறிவிட்டார்கள். இவன் மட்டும் போனில் நிற்கிறான். “எல்லாம் வேலரன்ட் ஆடுறானுங்க சித்தப்பா, அது போன்ல வராது. அவனுங்க வீட்ல போய் ஆடிக்கலாம்ல, இன்னொருத்தன் போறான். என்னைக் கூப்புட மாட்டானுங்க. கேட்டாண்டயே நிக்கவெச்சுப் பேசுவாங்க அவங்க அம்மா. ஹெட்செட்ல மட்டும் நல்லா பேசுவானுங்க.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 75 ஆயிரம் ரூபாய்க்கு லேப்டாப் ஏன் என்பதற்குப் பதில் இருந்தது. அவன் ஆட நினைக்கிற வேலரன்ட் கனமான கேம் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினிலும், படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும். வீட்டிலிருந்து விளையாடுகிறவனுக்கு, அதே விலையில் சிஸ்டம்தான் பெரும்பாலும் கூடுதல் வேகம் தரும். ஒரே பெயரில் வந்தாலும் லேப்டாப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப் சிஸ்டத்தில் இருப்பதைவிடச் சக்தி குறைந்தது. குறைந்த விலைக் கேமிங் லேப்டாப்பைச் சிமென்ட் ஷீட் வீட்டில் சித்திரை மாதம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்தும். சூடு ஏறியதும் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஆடும்போது பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிது, ஆகவே அதுவும் பிளக்கிலேயேதான் கிடக்கும். அப்புறம் எதற்கு லேப்டாப்? பழுது என்றால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். சிஸ்டத்தில் எது போனதோ அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ரேமை இந்த வருடம், கிராஃபிக்ஸ் கார்டை அடுத்த வருடம் என்று கைக்குக் காசு வரும்போது கூட்டிக்கொண்டே போகலாம். நம் கூலிக்கு ஒத்துவருகிற முறை இது.

புதுசு வேண்டாம், செகண்ட்ஸ் போதும் என்றேன். பெரிய கம்பெனி அலுவலகங்கள் கழித்துவிடும் சிஸ்டங்கள் சென்னை ரிச்சி தெருவிலும், விழுப்புரம், புதுச்சேரி மாதிரி ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். மானிட்டரோடு 15 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரத்துக்குள் முடிக்கலாம், கடைக்குக் கடை விலை மாறும். இதில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏறவேண்டும் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது இருக்கவேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களை இப்போது மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். ‘ஐ5’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண் 8 ஆயிரத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். வேலரன்டுக்கும் விண்டோஸ் வேண்டும், லினக்ஸில் அது ஓடாது. அப்புறம், ஒல்லியாகப் படுக்கவைத்த மாதிரி கேபினெட் வேண்டாம், நிமிர்ந்து நிற்கிற டவர் வாங்குங்கள். ஒல்லிக் கேபினெட்டில் பின்னால் சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு நுழையாது, பவர் சப்ளையும் பற்றாது. கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கரண்டுக் கணக்கையும் மண்ணில் குச்சியால் போட்டோம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அலுவலகச் சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து சுமார் 100 வாட். தினம் 5 மணி நேரம், 60 நாள் என்றால் 30 யூனிட். சாதாரண லேப்டாப் 35 வாட் என்று வைத்தால் பத்தரை யூனிட். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டம் 350 வாட் இழுத்தால், தினம் 3 மணி நேரமே ஓடினாலும் 63 யூனிட் போய்விடும். ஃபேன், டிவி, மிக்ஸி எல்லாம் மிச்சம் 37 யூனிட்டுக்குள் அடங்காது. பெரிய கார்டு வேண்டாம் என்பதை அவனே சொல்லிவிட்டான்.

சிஸ்டத்துக்கு வேறு செலவும் உண்டு. நம் பக்கம் லோ வோல்டேஜும் திடீர் கட்டும் சாதாரணம். யுபிஎஸ் இல்லாமல் ஓட்டினால் ஹார்டுடிஸ்க் சீக்கிரம் போகும். 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். அது விளையாடுவதற்கு இல்லை, ஒழுங்காக மூடுவதற்கு. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிற வீடுகள் நம் காலனிகளில் நிறைய.

வீட்டில் இடமே இல்லை என்பவர்களுக்கு என் மனதில் இன்னொரு யோசனை உண்டு. பல காலனிகளில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது. ஏப்ரல் 14க்குப் பெயின்ட் அடித்து மாலை போடுவதோடு சரி, மற்ற நாளில் பூட்டுதான். அங்கே இரண்டு செகண்ட்ஸ் சிஸ்டம் வைத்தால் தெருப் பிள்ளைகள் முறை வைத்துப் படிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கேமும் ஆடலாம். லேப்டாப் ஒரு ஆளுக்குச் சொந்தம், சிஸ்டம் ஒரு தெருவுக்குச் சொந்தமாக இருக்கமுடியும். காசுக்கு எங்கே போவது என்றால், ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கென்றே அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் திட்டம் இருக்கிறது. துணைத் திட்ட நிதியை முறையாக ஒதுக்கிச் செலவிட 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. கிராம சபையில் படிப்பகத்துக்குக் கம்ப்யூட்டர் என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். கிடைக்குமா என்றால், கேட்காமல் இதுவரை எதுவும் கிடைத்ததில்லை.

விளையாட்டில் காசு கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆன்லைன் கேம்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. அப்படியும் லிங்க் அனுப்புகிறார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். ஹெட்செட்டில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறவர்களும் உண்டு, பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பதிலுக்குத் திட்டுவதைவிட, ஸ்கிரீனைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு புகார் கொடுப்பது மேல். பையனிடம் இதைச் சொன்னபோது, “எங்கிட்ட ஏற்கெனவே மூணு வீடியோ இருக்கு” என்றான்.

பிறகு நடந்தது இது. கேமிங் லேப்டாப்பை விட்டுவிட்டார்கள். கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தபோது, இந்த வருடம் லேப்டாப் வருமா என்று உறுதியாகச் சொல்ல அங்கே ஆளில்லை. அதனால் மகளின் 15 ஆயிரத்தோடு, அண்ணி கட்டிவந்த சீட்டை எடுத்து, நாற்பதாயிரத்தை ஒட்டி ஒரு லேப்டாப் வாங்கினார்கள். ரேம் ஸ்லாட் காலி இருக்கிறதா என்று கடையில் அவளே கேட்டாளாம். பையனுக்கான சிஸ்டம் அடுத்த சீட்டில் என்று பேச்சு. ஆனால் அவன் விடவில்லை, தினம் நச்சரித்து இரண்டாம் மாதமே 17 ஆயிரத்துக்கு ஒரு டவர் வந்துவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு இன்னும் இல்லை. அதற்கும் இப்போதே நச்சரிப்பு ஆரம்பம்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மேசை கடையில் வாங்கவில்லை. சைட்டில் கழித்துப்போட்ட சென்ட்ரிங் பலகையை அண்ணன் சென்னையிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, தானே அறைந்து செய்திருக்கிறார். சிமென்ட் கறை அப்படியே இருக்கிறது. கேபினெட்டைத் தரையில் வைக்காமல் மேலேயே தூக்கி வைத்திருந்தான் பையன். சுவரில் வெள்ளக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது அந்தப் பலகை.